சன்னியும் தூக்க மாத்திரையும்: கேள்வி பதில்

கேள்வி: 72 வயதான என் அப்பா, இடுப்பெலும்பு அறுவை முடிந்த மூன்றாம் நாளிலிருந்து, இறந்துபோன பாட்டியிடம் இரவில் பேசுகிறார், காலையில் தெளிந்துவிடுகிறார். இது மனநோயா, மறதிநோயா?

பதில்: இரண்டையும்விட முதலில் நினைக்க வேண்டியது, ஊரில் சன்னி என்று சொல்லும் டெலிரியத்தை. மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல ஏறும். சன்னியோ மணிக்கணக்கில் வந்து, ஒரே நாளுக்குள் கூடிக் குறையும். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி என்று தொடங்கியவர் வியாழனோடு நின்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால், முதலில் கெட்டிருப்பது கவனம்; அதுதான் சன்னியின் அடையாளம். மூலகாரணம் பெரும்பாலும் உடலில் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, அடக்கிவைத்த வலி, புதிதாகச் சேர்த்த மருந்து. அதைத் தேடித் தீர்ப்பதுதான் சிகிச்சை. பையில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியையும் காது மிஷினையும் எடுத்து மாட்டிவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று இரவில் பக்கத்தில் இருக்கட்டும். தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், அது குழப்பத்தைக் கூட்டும்.

கேள்வி: காய்ச்சலில் இருக்கும் அம்மா எந்தத் தொந்தரவும் தராமல் பகலெல்லாம் தூங்குகிறார். களைப்புதானே?

பதில்: கத்துகிறவரை வார்டே கவனிக்கும், சத்தமில்லாத சன்னிதான் தப்பிவிடும். இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மனச்சிதைவுக்கு இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடும் அண்ணன், இரண்டு நாளாகச் சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: கூடாது. மனச்சிதைவில் குரல் கேட்பதே அதிகம். புதிதாகக் காட்சிகள் தெரிந்தால் உடலைப் பரிசோதிக்க வேண்டும். கை நடுக்கத்துக்காகச் சேர்த்துத் தரும் டிரைஹெக்சிபெனிடிலே சன்னியை வரவழைக்கக்கூடும். வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, சிறுநீர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலும் உடல் விறைப்பும் இருந்தால் உடனே அவசரப் பிரிவு. "பழைய மனநோயாளிதானே" என்ற ஒரு சொல்லில் மூளைக்காய்ச்சல் மறைந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: தாத்தா இரவில் எழுந்து ஓடப் பார்க்கிறார். தூக்க மாத்திரை தரலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஆபத்து என்றால் மருத்துவரே மிகக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தருவார். பார்க்கின்சன் நோய் இருந்தால் அதுவும் ஆகாது.

கேள்வி: தூக்க மாத்திரை வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். குடியை நிறுத்திய என் மாமாவின் பிதற்றலுக்கு அதே வகை லோராசெபாம் ஊசிதான் போட்டார்கள். முரண்பாடாக இல்லையா?

பதில்: இல்லை, விதிவிலக்கே அதுதான். தினமும் குடித்தவர் படுக்கையில் விழுந்ததால் குடி நின்று, இரண்டு முதல் நான்கு நாட்களில் நடுக்கம், வியர்வை, பிதற்றல் என்று வந்தால், மூளை திடீரென இழந்த தணிப்பை அந்த மருந்து ஈடுசெய்கிறது. மற்றவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டுவது இவருக்கு உயிர் காக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். ஆனால் குடி இருந்தது தெரிந்தால்தானே இதையெல்லாம் செய்ய முடியும்? சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் தனியாகச் சொல்லுங்கள். "எப்போதாவது கொஞ்சம்" என்று மழுப்பாமல், தினமும் எத்தனை குவார்ட்டர், கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.