முன்னாள் படைவீரர் அமைப்பின் தலைவரை அமெரிக்க மாநில அரசு அங்கீகரிப்பது என்றால் என்ன?

அமெரிக்காவில், 1919-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் தலைவரை மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியோ, ஆளுநர் (அங்கே அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்) பிரகடனம் வெளியிட்டோ பாராட்டுவதே இந்த அங்கீகாரம்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமும் இழப்பீடும் பெரும்பாலும் கூட்டாட்சி அரசின் பொறுப்பு; ஆயினும் அவற்றைப் பெறுவதற்கான விண்ணப்பங்களை நிரப்பித் தருவது, முன்னாள் வீரர்களுக்கான மாநில இல்லங்களில் தொண்டு செய்வது, சொத்துவரிச் சலுகைகளுக்காக வாதாடுவது எனப் பல பணிகளை இந்த அமைப்புகள் செய்வதால், மாநில அரசுகளுக்கு அவற்றின் துணை தேவைப்படுகிறது. முன்னாள் வீரர்கள் வாக்காளர்களும்கூட என்பதை எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் மறப்பதில்லை.

இது ஓர் ஊழியருக்கு நிர்வாகம் வழங்கும் பாராட்டுக் கடிதத்தைப் போன்றது: பதிவேட்டில் இடம்பெறும், ஆனால் சம்பளத்தைக் கூட்டாது.

இவ்வாறு பாராட்டப்பட்ட தலைவர், இழப்பீட்டுக் கோரிக்கைகளில் பிறருக்காக வாதாடும் உரிமையையும் பெற்றுவிடுகிறார் எனப் பலர் நினைக்கின்றனர். ஆனால் அந்த உரிமையைக் கூட்டாட்சி அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை தனியாகவே வழங்குகிறது.