அவருடைய துடுப்பைப் பாருங்கள்

கேள்வி: ஒன்றரை வருடமாகக் கயாக்கில் (துடுப்புப் போட்டுப் போகும் சிறு படகில்) கடலுக்குப் போய்த் தூண்டில் போடுகிறேன். எங்களோடு வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் வெறுங்கையோடு திரும்பும் நாளில்கூட அவர் பெட்டியில் இரண்டு பாறை மீனாவது கிடக்கும். அவரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, சில நாள் பொறாமையாகவும் இருக்கிறது. அவர் வைத்திருக்கும் அதே ரீலை வாங்கினேன், ஒன்றும் மாறவில்லை. இரண்டு முறை பெரிய மீன் மாட்டியும் தூண்டில் நரம்பு அறுந்து போனது. அவரைப் போல மீன் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? கம்பையும் மாற்றிவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: அதே ரீலை வாங்கிய கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. உங்களை நினைத்து இல்லை, என்னை நினைத்து. ஒருவர் ஊதா நிற ஜிக்கில் (கொக்கி வைத்த கனமான உலோகப் போலி இரையில்) மூன்று மீன் எடுத்ததைப் பார்த்துவிட்டு, அதே ஊதாவில் நான்கு வாங்கி வந்தவன் நான். நான்கும் இப்போது ஏதோ ஒரு பாறை இடுக்கில் கிடக்கின்றன.

அதற்கப்புறம்தான் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். ஒரு நாள் கம்பு எதுவும் எடுத்துக்கொள்ளாமல், வெறும் துடுப்போடு அவர் பின்னாலேயே போனேன். முதல் இருபது நிமிடம் அவர் கம்பைத் தொடவே இல்லை. அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நின்றார். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கயாக் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஒதுங்குகிறது என்று ஜிபிஎஸ் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு முப்பது மீட்டர் துடுப்புப் போட்டு இடம் மாறினார். மறுபடியும் சும்மா உட்கார்ந்தார். அதன் பிறகே ஜிக் தண்ணீருக்குள் போனது.

போகும்போது ரீலிலிருந்து உருவிக்கொண்டு இறங்கும் நரம்பின் மேல் அவருடைய விரல் பட்டும் படாமலும் இருந்தது. ஒரு முறை நரம்பு பாதியில் நின்றது. தரை தட்ட இன்னும் பத்து மீட்டராவது இருந்திருக்கும். சட்டென்று ரீலைப் பூட்டிச் சுற்றினார், கம்பு வளைந்தது. நானாக இருந்தால் தரை வந்துவிட்டது என்று நினைத்திருப்பேன். அல்லது ஒன்றுமே நினைத்திருக்க மாட்டேன், கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பாரைக் கடந்ததும் நரம்பைச் சுற்றிவிட்டு, நேர்வழியாக மீனின் தலைக்கு மேலேயே துடுப்புப் போட்டுத் திரும்பாமல், பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்குப் போனார். அன்றைக்கு இப்படிப் பதினொரு சுற்று. மீன் விழுந்தது இரண்டே சுற்றில். கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டு மீன் மட்டும்தான்.

நீங்களும் அந்த இரண்டு மீனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மலைப்பு நல்லதுதான், ஆனால் அதைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். அந்தப் பெரியவர் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே என்ன செய்கிறார் என்று பாருங்கள். முக்கியமாக, துடுப்பை எப்போது எடுக்கிறார், எப்போது கீழே வைக்கிறார் என்று பாருங்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. காற்று கயாக்கை மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 33 மீட்டர். ஜிக் 30 மீட்டர் ஆழம் போய்ச் சேர அரை நிமிடம் ஆகும் என்றால், அதற்குள் நீங்கள் 16 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். 40 மீட்டர் நீளமுள்ள பாரின் மேல் நீங்கள் இருப்பதே ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான். அடியில் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் மீன் தெரிந்த பிறகு ஜிக்கை இறக்கினால், அது தரையைத் தொடும்போது மீன் உங்களுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே மீனுக்கு முன்னால் இறக்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது ஒவ்வொரு நாளும் மாறும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த இருபது நிமிடம். ஒதுங்கும் வேகம் ரொம்ப அதிகமாக இருந்தால், தண்ணீருக்குள் குடைபோல விரியும் டிரிஃப்ட் சூட் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் படகு நிதானப்படும். புது ரீலை விட இது உங்களுக்கு உதவும்.

பெரியவரிடம் பேசிப் பாருங்கள். "மீன் எங்கே கிடைக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பல வருட உழைப்பைக் கையில் கொடு என்று கேட்பது போல இருக்கும், மழுப்பிவிடுவார். "ஒன்பது மணிக்கு ஏன் அங்கிருந்து கிளம்பினீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத தூண்டில்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. சில சமயம் பதில் சொல்லி முடிக்கவே மாட்டார்கள்!

பெரும்பாலும் நீரோட்டம்தான் காரணமாக இருக்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும் கடலில், தோராயமாக ஆறு மணி நேரம் நீர் ஏறுகிறது என்றால், முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். இரண்டாவது மணியில் இரண்டு பங்கு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. இழுப்பும் பொதுவாக அப்போதுதான் அதிகம். குஞ்சு மீன்களை ஓட்டம் பாரின் ஓரத்துக்குத் தள்ளும், பெரிய மீன் அங்கே காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த இழுப்பு இன்னும் கூடும். ஒரு நோட்டில் நேரம், ஓட்டம், காற்று, மீன் விழுந்த ஆழம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மீன் விழாத நாளையும் எழுதுங்கள், அந்தப் பக்கங்கள்தான் பிறகு உதவும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கவிழ்ந்தால் மறுபடி ஏறத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளுக்குள் கவிழும் பயம் இருக்கும்வரை விரல் நரம்பின் மேல் இருக்காது, மனமும் அடியில் இருக்காது. கயாக் முதலில் விளையாட்டுக்குச் செய்த படகே அல்ல. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துக் கட்டி, வேட்டைக்குச் செய்துகொண்டது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் பிழைப்பது அரிது என்பதால், கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்தும் வித்தையைப் பழகினார்கள். நாம் தூண்டிலுக்குப் பெரும்பாலும் எடுத்துப் போகும் மேலே உட்காரும் கயாக்கில் அந்த வித்தை சரிப்படாது. ஏறத்தான் தெரிய வேண்டும். அமைதியான, ஆள் மட்டத்துக்குச் சற்று அதிகமான தண்ணீரில், கம்பு பெட்டி எல்லாவற்றையும் கரையில் வைத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். படகை நிமிர்த்துங்கள். காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, முதலில் வயிறு படகின் மேல், அப்புறம் புரண்டு பிட்டம், கடைசியில் கால். களைத்துப் போனபோதும் ஏற வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நான் இதை முறையாகப் பழகியது ஒரு அசட்டுத்தனத்துக்குப் பிறகு. நங்கூரக் கயிற்றைப் படகின் பக்கவாட்டில், இடுப்புக்கு நேரே கட்டியிருந்தேன், கைக்கு எட்டுகிறதே என்று. ஓட்டம் ஏறியதும் படகு குறுக்காகத் திரும்பியது. கயிறு ஒரு பக்கத்தை அமுக்க, மறுபக்கம் தூக்க, என்ன நடக்கிறது என்று யோசிப்பதற்குள் தண்ணீரில் இருந்தேன். கட்டி வைக்காத கம்பு இரண்டும் போயின. நங்கூரம் முன்முனையிலோ பின்முனையிலோதான் இழுக்க வேண்டும், பக்கத்தில் கூடவே கூடாது. ஒரே இழுப்பில் கழற்றிவிடும்படியும் இருக்க வேண்டும். கம்பு, துடுப்பு எல்லாவற்றுக்கும் கயிறு போடுங்கள், ஆனால் நீளமாகத் தொங்கவிட்டு உங்களையே சுற்றிக்கொள்ளாதபடி.

காற்றைப் பற்றி ஒன்றே ஒன்று. கரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும் காற்று நல்லவன் போல நடிக்கும். கரையோரம் தண்ணீர் தட்டாகத் தெரியும், இறங்கினால் சுகமாகப் போகும், திரும்பும்போதுதான் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். உங்கள் பெரியவர் வீட்டிலேயே தங்கிவிடும் நாட்களையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் குழுவிலேயே அதிக நாள் போகாதவர் அவராகத்தான் இருப்பார் என்பது என் ஊகம்.

சரி, கம்பு. மாற்ற வேண்டாம். நரம்பு இரண்டு முறை அறுந்ததற்குக் கம்பைச் சந்தேகிப்பதை விட டிராக்கைப் பாருங்கள், அதாவது மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்ற அளவை. நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான் டிராக் இருக்க வேண்டும். 10 கிலோ தாங்கும் நரம்பென்றால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ. இதைக் கையால் இழுத்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ளாமல், கொக்கித் தராசில் மாட்டிப் பாருங்கள். கயாக்கில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பெரிய மீன் மாட்டினால் முன்முனையை அதன் பக்கம் திருப்பி, கம்பை முன்னால் நீட்டிக்கொண்டால் மீன் படகையே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பாரமும் சேர்ந்து அதைக் களைக்க வைக்கும். பக்கவாட்டில் மல்லுக்கு நின்றால் நரம்பு அறும், இல்லையென்றால் நீங்கள் கவிழ்வீர்கள்.

அறுந்த முனையைப் பார்த்தீர்களா? சுருண்டு பன்றிவால் போல இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தால் பாறையிலோ பல்லிலோ உரசி அறுந்திருக்கிறது. அடுத்த முறையிலிருந்து ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு சிக்கலுக்கும் பிறகு, கடைசி இரண்டு மீட்டரை விரல் நகத்துக்கு நடுவே மெதுவாக உருவிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அதுவரை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். ஐந்து நிமிடம் போகும், பக்கத்தில் எல்லோரும் மீன் எடுத்துக்கொண்டிருப்பார்கள், கை பரபரக்கும். அப்போதும் வெட்டுங்கள்.