டிஸ்ப்ளே சரியில்லை என்கிறார்களே, எது சரி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஓர் ஆயத்த ஆடைக் கடையில் விற்பனைப் பணியில் சேர்ந்திருக்கிறேன். வாரந்தோறும் வரும் மேற்பார்வையாளர் ‘டிஸ்ப்ளே சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறாரே தவிர, எது சரி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அடிப்படையிலிருந்து விளக்குவீர்களா?
– வாசகி, அல்சூர்

பதில்: டிஸ்ப்ளே என்பது அலங்காரம் என்று நினைப்பதனால்தான் அது பலருக்குப் பிடிபடுவதில்லை. வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே, ‘என்ன இருக்கிறது, என் அளவில் இருக்கிறதா, என்ன விலை’ என்னும் மூன்று கேள்விகளுக்கும் பொருளே விடை சொல்லும்படி வைப்பதுதான் டிஸ்ப்ளே. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை யாவும் தாமாக விளங்கும்.

காலையில் ஷட்டர் திறந்ததும் தெருவின் எதிர்ப்புறம் சென்று உங்கள் கடையைப் பாருங்கள். நடந்து போகிறவர் ஷோகேஸைப் பார்ப்பது சில நொடிகள்தாம். அதற்குள் அவர் மனத்தில் பதிய வேண்டியது ஒரே செய்தி. கல்யாண உடை, அலுவலக உடை, குழந்தைகள் உடை எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிக்குள் நிறைத்தால் ஒன்றும் பதியாது. உள்ளே நுழைந்தவுடன் உள்ள முதல் சில அடிகளில் முக்கியமான சரக்கை வைக்காதீர்கள். வெயிலிலிருந்து வந்தவரின் கண் உள்வெளிச்சத்துக்குப் பழகுவதற்குள் அவர் அதைக் கடந்துவிடுவார். அவ்விடத்தில் பணியாளர்கள் கூட்டமாக நின்று வழிமறிப்பதும் கூடாது.

ரேக்கில் ஏறத்தாழ 4 அடியிலிருந்து 5½ அடி வரை உள்ள உயரம்தான் கண்ணும் கையும் ஒருசேர எட்டும் இடம். புதிதாக வந்ததும் விரைவில் விற்க வேண்டியதும் அங்கே இருக்கட்டும். கூடுதல் ஸ்டாக் கீழ்த் தட்டுக்குப் போகட்டும். ஒரே வகைச் சட்டையைப் பக்கவாட்டில் நீளமாகப் பரப்புவதைவிட, மேலிருந்து கீழாக ஒரு பத்தியாக அடுக்கினால், நடந்துகொண்டே பார்ப்பவர் ஒவ்வொரு வகையையும் ஒருமுறையாவது கண்மட்டத்தில் காண்பார். ஹேங்கர்களின் கொக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அளவுகள் சிறியதிலிருந்து பெரியதாகச் செல்ல வேண்டும். ஒரு துணியை எடுக்கும்போது பக்கத்துத் துணி கூடவே வராத அளவுக்கு இடைவெளி வேண்டும். நெருக்கித் திணித்த ரேக்கில் வாடிக்கையாளர் கை வைக்கவே தயங்குவார்.

பொம்மைக்கு உடுத்துவதில்தான் கடைக்குக் கடை வேறுபாடு தெரிகிறது. மேலுடம்பைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் பேண்ட்டைப் போடுங்கள். கைகளைக் கழற்றி, சட்டையை மாட்டிய பின் மீண்டும் பொருத்துங்கள். உடுத்துவதற்கு முன்பே துணியை ஸ்டீம் அயர்ன் செய்துவிடுங்கள். தொளதொளவென்று நிற்கும் இடத்தில் முதுகுப்பக்கம் மட்டும் குண்டூசி குத்தி இறுக்கி, குண்டூசியின் முனை வெளியே நீட்டாதபடி மடித்துவிடுங்கள். பொம்மை அணிந்திருக்கும் உடை, எல்லா அளவுகளிலும் அதற்கு இரண்டடி தூரத்திற்குள் ரேக்கில் இருக்க வேண்டும். பொம்மையில் பார்த்து ஆசைப்பட்டவரை மாடிக்கு அனுப்புவது அந்த ஆசையை நாமே அணைப்பதாகும். ஸ்டாக் தீர்ந்தால் அன்றே பொம்மையின் உடையை மாற்றுங்கள். கடைசி ஒன்று பொம்மையின் மேல் இருக்கிறது, அதை ஒருவர் கேட்கிறார் என்றால், ‘அது டிஸ்ப்ளே பீஸ்’ என்று மறுக்காமல் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விற்பதற்காகத்தானே அதை உடுத்தினோம்!

கேள்வி: சிக்பேட்டையில் பட்டுச்சேலைக் கடையில் வேலை செய்கிறேன். ‘கடையில் பார்த்த நிறம் வீட்டில் இல்லை’ என்று சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். ஷோகேஸில் வைத்த சேலைகளும் மங்கிப்போகின்றன. என்ன செய்வது?
– வாசகர், காட்டன்பேட்டை

பதில்: இரண்டுக்கும் காரணம் வெளிச்சம். ஒரு சாயம் ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். நிறங்களைச் சரியாகக் காட்டும் திறன் குறைந்த எல்இடி விளக்கின் கீழ் அரக்கும் மெரூனும், கரும்பச்சையும் கருநீலமும் ஒன்றுபோலத் தோன்றிவிடும். இந்தத் திறனை சிஆர்ஐ என்ற எண்ணால் அளக்கிறார்கள். அதன் உச்சம் 100. பட்டுக்கடைக்கு 90க்கு மேல் உள்ள விளக்கு வேண்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள். விளக்கின் ஒளி மஞ்சள் சார்ந்ததா, நீலம் சார்ந்ததா என்பதைக் கெல்வின் எண் சொல்லும்: 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நீல வெளிச்சத்தில் சரிகையின் பொன்னிறம் எடுபடாது. எந்த விளக்கு இருந்தாலும், பில் போடுவதற்கு முன் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை காட்டுவது நம் ஊர் ஜவுளிக்கடைகளின் பழைய, மிக நேர்மையான வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

மங்குவது வேறு பிரச்சினை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைக்கிறது. அப்படிப் போன நிறத்தை மீட்க முடியாது. வெயில் விழும் கண்ணாடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். சேலையைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றி, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் சரிகை அங்கே முறியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பட்டு விறைப்பாக நிற்கும். அதை விசிறியாக விரித்துக் கரையையும் முந்தானையையும் காட்டலாம். மைசூர் சில்க் துவண்டு விழும். அதன் அழகே அந்தத் துவளலில் இருப்பதால், உயரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அடுக்கினால் ஒன்றின் அழகு மறைந்துபோகும்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் என் அண்ணனின் மளிகைக் கடையில் உதவியாக இருக்கிறேன். சிறிய கடைக்கும் இதெல்லாம் பொருந்துமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: நன்றாகவே பொருந்தும். பாக்கெட்டுகளின் முகப்பு வெளியே பார்த்திருக்கட்டும். விற்க விற்கப் பின்னால் இருப்பதை முன்னுக்கு இழுத்துவிடுங்கள். புதிய சரக்கைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னே நகர்த்துங்கள். தேதி முடிந்ததைத் தட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். கனமான எண்ணெய் டின் கீழே இருக்கட்டும். சோப்பையும் ஊதுவத்தியையும் தேயிலைக்கும் அரிசிக்கும் அருகில் வைக்காதீர்கள். வாசனை ஏறிவிட்டால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

கடையின் பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல்பாதியில் இருக்க வேண்டும் என்று 2024இல் கர்நாடகச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. புதிய பலகை எழுதும்போது அண்ணனிடம் நினைவூட்டுங்கள். உள்ளே வைக்கும் விலை அட்டைகளிலும் பொருளின் பெயரைக் கன்னடத்தில் முதலில் எழுதுங்கள். இடம் இருந்தால் தமிழிலும் எழுதுங்கள். விலை எண் மட்டும், கவுண்டருக்கு வெளியே நிற்கும் வயதானவருக்கும் தெரிகிற அளவில் இருக்கட்டும்.