கோடை விடுமுறையில் சிறப்புக் கல்வி: ஒரு சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டவை

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூனில்தான் திறக்கும். அதற்குள் வகுப்புக்கு என்ன பொருள் செய்து வைக்கலாம், வீட்டில் பிள்ளையோடு என்ன செய்யலாம் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு என்று எல்லாப் பிள்ளைகளோடும் வேலை. யார் என்ன கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பிள்ளைக்கு, எந்த வேலைக்கு?

கேள்வி: அக்கா, நான் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மே மாதம் முழுக்க டி.எல்.எம். (கற்றல் கற்பித்தல் பொருள்) செய்து பள்ளி திறக்கும்போது அறையை நிறைத்துவிடலாம் என்று இருக்கிறேன். எதில் தொடங்கட்டும்?

சார்ட் பேப்பர் வாங்குவதற்கு முன்னால் பிள்ளைகளின் கோப்புகளை எடுங்கள் தங்கச்சி. மார்ச் மாதம் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். அட்டவணை, அதாவது பிள்ளைக்கு அன்றாடச் செயல்களில் எது வருகிறது, எது வரவில்லை என்று குறிக்கும் பட்டியல், உங்களிடம் இருக்கும். 18 பிரிவு, பிரிவுக்கு 20 செயல், மொத்தம் 360, எல்லாமே எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். அதில் பிள்ளைக்கு வருகிற கடைசிச் செயலையும் வராத முதல் செயலையும் பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுகிற பொருளைத்தான் நீங்கள் செய்ய வேண்டும்.

சட்டைப் பட்டனைக் கழற்றத் தெரிந்த, ஆனால் போடத் தெரியாத பையன் இருக்கிறான் என்றால், பெரிய பட்டனும் அகலமான துளையும் வைத்து ஒரு துணிப்பலகை தையுங்கள், அடுத்து கொஞ்சம் சின்னப் பட்டனில் இன்னொன்று, மூன்றாவதாக அவனுடைய சீருடைச் சட்டையே போதும். சட்டையில் போட வந்துவிட்டால் பலகையை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். இப்படிப் பிள்ளைக்கு இரண்டு பொருள் செய்தாலே விடுமுறை போய்விடும். சுவர் முழுக்கப் படம் ஒட்டாதீர்கள். கவனம் சிதறுகிற பிள்ளைக்கு வெறுஞ்சுவர் பெரிய உதவி.

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. ஒரு மாணவி நன்றாகப் பேசுகிறாள், கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வருகிறது, ஆனால் கொ, கோ, கெ எல்லாம் குழப்புகிறாள், கொம்பை வலப்பக்கம் போடுகிறாள். ன, ண, ந மூன்றும் ஒன்றுதான் அவளுக்கு. என்ன செய்து வைக்கலாம்?

இந்தக் கேள்விக்கு நான் நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

அவள் கொம்பை வலப்பக்கம் போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'கெ' என்று சொல்லும்போது முதலில் க் ஒலிக்கிறது, எ அதற்கு அப்புறம்தான் வருகிறது. எழுத்தில் மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காதில் கேட்ட வரிசையிலேயே அவள் எழுதுகிறாள். 'கொ' இன்னும் சிரமம், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. 'கௌ'வில் பின்னால் வருவது பார்வைக்கு 'ள' போலவே இருப்பதால் 'கெள' என்று படிக்கிற பிள்ளைகள் ஏராளம்.

செய்ய வேண்டியது சின்ன அட்டைகள்தான். மெய்யெழுத்தின் உருவங்களைக் கறுப்பில் தனி அட்டைகளிலும், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, கால் இவற்றைச் சிவப்பில் தனி அட்டைகளிலும் எழுதுங்கள். மூன்று கட்டம் போட்ட ஒரு பலகை வேண்டும். அவள் முதலில் நடுக்கட்டத்தில் 'க' வைப்பாள், பிறகு ஒலியைச் சொல்லிக்கொண்டே கொம்பை எடுத்து இடப்பக்கம், தேவைப்பட்டால் காலை வலப்பக்கம். கை நகரும்போது வாயும் சேர்ந்து சொல்ல வேண்டும், அது முக்கியம். கால், விசிறி, சுழி வரிசைகள் உறுதியான பிறகுதான் கொம்பு வரிசைக்கு வாருங்கள்.

உகர வரிசையில் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும் என்பதால் அகர வரிசைப்படி சொல்லிக்கொடுத்தால் தலை சுற்றும். உருவத்தை வைத்துப் பிரியுங்கள். ஙு, சு, பு, யு, வு ஒரு தொகுதி. ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு தொகுதி. மு, ரு, ழு, ளு ஒரு தொகுதி. கு, டு இரண்டும் தனி. ஒரு தொகுதி கைக்கு வந்த பிறகு அடுத்தது.

ன, ண, ந மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் சொல்லாதீர்கள், குழப்பம் கூடத்தான் செய்யும். தமிழில் ண் டகரத்தோடும், ந் தகரத்தோடும், ன் றகரத்தோடும் சேர்ந்து வரும். அதையே பிடித்துக்கொள்ளலாம். 'ண்ட' ஒரே அட்டை: வண்டி, நண்டு, பூண்டு. சில வாரம் கழித்து 'ந்த': பந்து, சந்தை. அதற்கும் பிறகு 'ன்ற': கன்று, மன்றம். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி விரலால் தடவச் சொல்லுங்கள். மணல் பரப்பிய தட்டிலும் எழுதலாம்.

இவ்வளவும் செய்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். முதலில் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. பள்ளி இருக்கும்போது ஓரளவு அமைதியாக இருக்கிறான். லீவு விட்டால் காலையிலிருந்து அழுகை, தலையைச் சுவரில் மோதுகிறான். என்னால் சமாளிக்க முடியவில்லை மேடம்.

அம்மா, அவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியவில்லை, கேட்கவும் வழியில்லை. பள்ளியில் மணி அடிக்கும், வரிசை நிற்கும், சாப்பாடு வரும், எல்லாம் ஒரே ஒழுங்கு. வீட்டிலும் அந்த ஒழுங்கை அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்போம்.

உங்கள் போனில் அவனுடைய தட்டு, குளியலறை, ஊஞ்சல், பாய், நீங்கள் போகும் பெட்டிக்கடை எல்லாவற்றையும் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கிற கார்ட்டூன் படம் வேண்டாம், பல பிள்ளைகளுக்கு அது தன் வீட்டுத் தட்டு என்று புரியாது. படமே புரியாவிட்டால் பொருளையே காட்டுங்கள், டம்ளர் என்றால் தண்ணீர், துண்டு என்றால் குளியல். முதலில் 'இப்போது', 'அடுத்து' என்று இரண்டு படம் மட்டும். முடிந்ததும் அவனே படத்தைக் கழற்றி ஒரு டப்பாவில் போட வேண்டும். பழகியபின் அரை நாளுக்கான வரிசையாக நீட்டலாம். திட்டம் மாறும் நாளில் காட்ட ஒரு 'மாற்றம்' அட்டையும் செய்து வையுங்கள். அதை முதலில் அவனுக்குப் பிடித்த மாற்றத்தில், ஐஸ்கிரீம் மாதிரி, பயன்படுத்திப் பழக்குங்கள்.

கேட்பதற்கு: அவனுக்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தின் படத்தை அவன் எடுத்து உங்கள் கையில் கொடுத்தால் உடனே அது கிடைக்க வேண்டும். 1985-இல் ஆன்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் அமெரிக்காவில் உருவாக்கிய பெக்ஸ் முறையின், அதாவது படத்தைக் கொடுத்துக் கேட்கும் முறையின், முதல் படி இதுதான். டேப்லெட் இருந்தால் படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக் காட்டும் ஆவாஸ் செயலி இருக்கிறது, சென்னையில் உருவானது, அதில் தமிழும் உண்டு. படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். அப்படி ஆவதில்லை.

தலையை மோதுவதற்கு டாக்டரைக் கட்டாயம் பாருங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருந்தாலும் சொல்லத் தெரியாத பிள்ளை இப்படிச் செய்யும்.

ஜூன் நெருங்கும்போது சீருடையைப் போட்டுப் பள்ளி வாசல்வரை சில முறை நடந்துவிட்டு வாருங்கள். புது வகுப்பறை, புது டீச்சர் படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தலைமை ஆசிரியராக இருக்கிறேன். ஒரு நன்கொடையாளர் வள அறைக்கு (சிறப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தரும் அறை) கொஞ்சம் பணம் தருகிறேன் என்கிறார். என்ன வாங்கலாம்?

முதலில் நாற்காலி, மேசை சார். பிள்ளை உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை கீழே சரியாமல் இருப்பதிலேயே பலத்தைச் செலவழித்துவிடும், எழுத எங்கே தெம்பு? உள்ளூர்த் தச்சரிடம் இரண்டு மூன்று உயரத்தில் செய்யச் சொல்லுங்கள், இயன்முறை மருத்துவர் அளவு சொல்வார். மீதியில் ஒரு லேமினேஷன் மெஷின், வெல்க்ரோ, கலர் பிரிண்டர். பளபளக்கும் ரெடிமேட் கிட்டுகளைக் கடைசியில் யோசிக்கலாம்.

கேள்வி: வீட்டுவழிக் கல்வியில் ஒரு சிறுமி, பெருமூளை வாதம். கை எதையும் பிடிக்காது, பேச்சும் இல்லை, ஆனால் கண்ணால் எல்லாவற்றையும் கவனிக்கிறாள். அவளுக்கு என்ன செய்வது?

கண் இருக்கிறதே, அதுவே அவளுடைய குரல். நிறமில்லாத அக்ரிலிக் தகடு ஒன்றை வாங்கி நடுவில் ஒரு சதுரம் வெட்டித் திறப்பு வையுங்கள். நான்கு மூலைகளில் நான்கு படம்: தண்ணீர், பாட்டு, வெளியே, வலிக்கிறது. நீங்கள் எதிரில் உட்கார்ந்து தகட்டை நடுவில் பிடித்தால் அவள் கண் எந்த மூலைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். 'இதுவா?' என்று கேட்டு உறுதிசெய்யுங்கள், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். 'வலிக்கிறது' படம் ஒருபோதும் விட்டுப்போகக் கூடாது. இது வந்துவிட்டால் பாடமும் இதிலேயே நடத்தலாம், நான்கு மூலையில் நான்கு விடை.

படுக்க வைத்து ஊட்டுகிறார்களா என்று கவனியுங்கள். நிமிர்த்தி, தலையைத் தாங்கி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

கேள்வி: கல்லூரி மாணவன். கோடை முகாமில் தன்னார்வலராகப் போகிறேன். என்ன விளையாட்டு வைக்கலாம்?

பல்லாங்குழி வையுங்கள் தம்பி. 14 குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதில் எண்ணிக்கை, முறை வரும்வரை காத்திருப்பது, விரல் நுனியால் எடுப்பது மூன்றும் இருக்கிறது. பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டையே போதும். வாயில் போடுகிற பிள்ளை இருந்தால் புளியங்கொட்டை, சோழி கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய மரக்கட்டை வையுங்கள். துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, புள்ளிக் கோலத்தில் பாதி போட்டுக் கொடுத்து மறுபாதியை முடிக்கச் சொல்வது, இதெல்லாமும் நன்றாக ஓடும். பலூன் வெடிப்பதையும் பெரிய ஸ்பீக்கரையும் தவிருங்கள்.

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் சேர்கிறார். அறிவியல் படங்களை எப்படிக் காட்டுவது?

தடித்த நூலை ஒட்டியோ ஃபெவிகால் கோட்டைக் காயவிட்டோ மேடாக்குங்கள். புத்தகப் படத்தை அப்படியே மேடாக்கினால் விரலுக்கு எதுவும் புரியாது, இதயம் என்றால் நான்கு அறை மட்டும் ஒரு தாள், இரத்தக் குழாய்கள் இன்னொரு தாள். கணக்குக்கு டெய்லர் பலகையும் (துளைகளில் கட்டைகளைச் செருகி, தடவிப் பார்த்துக் கணக்குப் போடும் பலகை) அபாகஸும் வேண்டும். தமிழ் பிரெயிலில் மெய்க்குப் பின்னால்தான் உயிர்க்குறி வரும், மேலே சொன்ன கொம்புச் சிக்கல் அவருக்கு இல்லை.

கேள்வி: மகள் 10-ஆம் வகுப்புக்குப் போகிறாள். டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் இருக்கிறது. தேர்வுச் சலுகைக்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில், டிஸ்லெக்சியா அடங்கும் கற்றல் குறைபாடும் ஒன்று. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்றவற்றுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம், ஜூன் முதல் வாரமே தலைமை ஆசிரியரிடம் சான்றிதழைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

இந்த விடுமுறையில் செய்ய வேண்டியது வேறு. எழுதுபவர் கிடைத்தாலும், சொல்லி எழுத வைக்கிற பழக்கம் இல்லாத பிள்ளை தேர்வு அறையில் திணறிவிடும். அக்காவோ பக்கத்து வீட்டு மாணவியோ எதிரில் உட்காரட்டும். மகள் வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வேண்டும், முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாம் சொல்ல வேண்டும், கணக்கில் எந்த எண்ணுக்கு அடியில் எந்த எண் வர வேண்டும் என்றும் சொல்லத் தெரிய வேண்டும். எழுதுபவர் தானாக எதையும் திருத்தக் கூடாது. முதலில் ஐந்து மதிப்பெண் விடை ஒன்று, அது சரளமாக வந்தால் அரை வினாத்தாள், ஆகஸ்டுக்குள் நேரம் வைத்து ஒரு முழு வினாத்தாள்.