லைன் டிஃபரென்ஷியல் ரிலேக்கு ஜிபிஎஸ் கிளாக் கட்டாயமா?

கட்டாயம் இல்லைங்க. மின்கம்பியோட ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்து கரண்டை ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தா லைனைத் துண்டிக்குறதுதான் (ட்ரிப் பண்றதுதான்) இந்த ரிலே; அந்த ரெண்டு முனை நேரத்தையும் ஒத்துப்போக வைக்கத்தான் ஜிபிஎஸ் கிளாக், அதாவது செயற்கைக்கோள் நேரம் வாங்குற கடிகாரம். ரெண்டு முனை ரிலேயும் ஃபைபர்ல மெசேஜ் அனுப்பி, அது போயிட்டு வர்ற நேரத்துல பாதிதான் ஒருவழி தாமதம்னு எடுத்துக்கும், போற பாதையும் வர்ற பாதையும் ஒண்ணா இருக்குற வரைக்கும் பிரச்சனையே இல்ல. ரிங் நெட்வொர்க்ல (வளையமா இணைச்ச ஃபைபர்ல) ஒரு திசை மட்டும் சுத்துவழிக்கு மாறி 2 மில்லிசெகண்ட் வித்தியாசம் வந்துச்சுன்னா கணக்கு 1 மில்லிசெகண்ட் தப்பும், 50 ஹெர்ட்ஸ்ல அது கரண்ட் அலையோட கோணத்துல 18 டிகிரி, அதாவது ஃபால்ட்டே இல்லாம லோடு கரண்ட்ல சுமார் 31 சதவீதம் டிஃபரென்ஷியலா (ரெண்டு முனை கரண்ட் வித்தியாசமா) தெரியும். செட்டிங் இறுக்கமா இருந்தா ட்ரிப்தான்.

நம்ம ராமநாதபுரம் கடலோரத்துல இன்சுலேட்டர்ல உப்பு படிஞ்சு ஃபிளாஷ்ஓவர் (மேற்பரப்பு வழியா மின்சாரம் பாயுறது) ஆகும்ல, அதனால இந்த ட்ரிப்பையும் உப்பு தலையிலயே கட்டிடுவாங்க. ரிலே ரெக்கார்டுல ரெண்டு முனை கரண்டும் அளவுல சமமா, கோணம் மட்டும் விலகி இருக்கான்னு பாருங்க. ஜிபிஎஸ் வச்சா இந்தத் தொல்லை குறையும், ஆனா மண்டபம் ஊர் பக்கம்னா ஆன்டெனா கனெக்டர்ல பச்சை பூக்காம நல்லா சீல் பண்ணிருங்க.