டீச்சரிடம் கேளுங்கள்: மோசல் கரையில் ஆறு நாள்

2025 செப்டெம்பர் கடைசியில் ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனோம். போன கையோடு நானும் வீட்டுக்காரரும் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மோசல் ஆற்றோரமாகச் சுற்றினோம். இதைப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கடிதமா! கைக்கு அகப்பட்ட சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பாரிஸ், ரோம், சுவிஸ் எல்லாம் இருக்க, பேரே கேள்விப்படாத ஓர் ஆற்றுக்கு ஏன் போனீர்கள், டீச்சர்?
– வாசகி, தலவாக்கலை

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பதினொரு நாளில் எட்டு நாடு பார்த்துவிட்டு வந்தவர். எது எந்த நாடு என்று அவருக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியாது. கழிப்பறைக்குக் காசு கொடுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்த ஓட்டம் வேண்டாம் என்று தோன்றியது.

மகள் இருப்பது கோப்லென்ஸ் பக்கம். பிரான்ஸின் வோஜ் மலையில் பிறந்து, லக்சம்பேர்க் எல்லையை உரசிக்கொண்டு, 544 கிலோமீட்டர் நடந்து வரும் மோசல் அந்த ஊரில்தான் ரைன் ஆற்றில் விழுகிறது. அங்கிருந்து ட்ரியர் நகரம் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் இருக்கும். ஆற்றோடு போனால் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, அவ்வளவு வளைவு. பெரிய ரோட்டில் போகிறவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எங்களுக்கு ஆறு நாள் எடுத்தது.

வழியில் ஓரிடத்தில் தலைக்கு மேலே ஒரு பாலம். 2019இல் திறந்தது, உயரம் ஏறக்குறைய 160 மீட்டர், நீளம் 1.7 கிலோமீட்டர். "அதுல போனா ஒரு நிமிசத்துல ஆறு முடிஞ்சிரும்" என்றார் வீட்டுக்காரர். அதே மனிதர் ஃபாங்கல் என்ற ஊரில், கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகுக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுவதும் நின்றார். ஆற்றில் அணை கட்டிப் பெரிய கப்பல் போக வழி செய்தது 1964இல். ட்ரியர் வரைக்கும் அப்படிப் பத்து மதகு. கப்பல் உள்ளே வரும், கதவு மூடும், தண்ணீர் ஏறும், கப்பலும் ஏறும். அவ்வளவுதான். மூன்று கப்பல் பார்த்த பிறகுதான் மனிதர் சாப்பிட வந்தார்.

வலப்பக்கம் ஓட்டப் பயமில்லையா? நம்முடைய லைசன்ஸ் அங்கே செல்லுமா?
– வாசகர், ஹட்டன்

தம்பி, ஓட்டியவர் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். பயம் எனக்குத்தான். கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோனில் சர்வதேசச் சாரதிப் பத்திரம் எடுத்துக்கொண்டோம். அதோடு நம் லைசன்ஸையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஒன்றைக் காட்டினால் மற்றதையும் கேட்பார்கள்.

முதல் நாள் நடந்த கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ரம்பொடை வளைவுகளில் பழகிய கை அல்லவா, ஒவ்வொரு முடக்குக்கும் ஹோர்ன் அடித்தார். அங்கே ஆபத்து என்றால் தவிர யாரும் ஹோர்னைத் தொடுவதில்லை. நடைபாதையில் போன கிழவி ஒருத்தி நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள். மகளிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை, ரோட்டில் ஒரு சனமில்லாத சந்தியில், பழைய புத்தியில் இடப்பக்கம் ஏறிவிட்டார். எதிரே முந்திரிப்பழப் பெட்டிகளோடு, அதாவது திராட்சைப் பெட்டிகளோடு, ஒரு டிராக்டர். அந்த ஆள் நிறுத்தி, கையால் இந்தப் பக்கம் வா என்று காட்டிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தியிலும் "வலது, வலது" என்று சொல்வது என் வேலை. இன்னொன்று: பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் வழி விட வேண்டும். சின்ன ஊர்ச் சந்துகளில் இது முக்கியம்.

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தால் நம்ம தேயிலை மலை மாதிரியே இருக்கிறதே?
– வாசகி, பொகவந்தலாவை

தங்கச்சி, எனக்கும் முதலில் அப்படித்தான் நெஞ்சு பக்கென்றது. கிட்டப் போனால்தான் வித்தியாசம் தெரியும். நம்மிடம் தேயிலை நிரை மலையைச் சுற்றிப் போகும். அங்கே பல இடங்களில் முந்திரிகைக் கொடி மேலிருந்து கீழாக நிரை நிரையாக இறங்குகிறது. காலடியில் மண்ணே இல்லை, கரும்பலகைக் கல் சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. பகலில் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அந்தக் கல் சூடு விடுமாம். குளிர் நாடு அல்லவா, ஒரு பொட்டு வெயிலையும் வீணாக்க முடியாது. அதனால் தெற்கே பார்த்த சரிவாகத் தேடிப் பிடித்து நட்டிருக்கிறார்கள்.

ப்ரெம் என்ற ஊரில் கால்மொன்ட் என்று ஒரு மலை. சில இடத்தில் 65 பாகை வரை சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான முந்திரிகைத் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று, பல் சக்கரத்தில் ஏறும் குட்டி வண்டி. ஆளும் அதில்தான் ஏறுகிறார், பழமும் அதில்தான் இறங்குகிறது. எங்கம்மா இருபது கிலோக் கொழுந்தைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு தராசுக்கு இறங்கிய படிகளை நினைத்துக்கொண்டேன். அந்த வண்டியை வீட்டுக்காரர் நாலு படம் எடுத்தார். யாரிடம் காட்டப் போகிறாரோ.

நாங்கள் போனபோது அறுவடை தொடங்கியிருந்தது. பழம் வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் போலந்து, ருமேனியா பக்கத்திலிருந்து சீசனுக்கு வருகிறவர்கள். வேலியோரம் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணோடு கை பாஷையில் பேசினேன். கொழுந்து கிள்ளுவதை விரலால் காட்டினேன். அவள் தன் கத்தரிக்கோலைக் காட்டினாள். அவள் விரலிலும் கறை, ஆனால் ஊதாக் கறை.

மகளிடம் சம்பளம் விசாரித்தேன். 2025இல் அங்கே சட்டப்படி மிகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.82 யூரோ. நம் காசில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். 2024 செப்டெம்பரில் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். இதை நான் சொல்ல, "அங்க ஒரு பிளேன்டீ என்ன விலைன்னும் எழுது" என்கிறார் வீட்டுக்காரர். அதுவும் சரிதான். எழுதிவிட்டேன்.

அந்தப் பள்ளத்தாக்கும் எப்போதும் செழிப்பாக இருந்ததில்லை. ட்ரியரில்தான் 1818இல் கார்ல் மார்க்ஸ் பிறந்தார். அவர் 1843இல் பத்திரிகையில் எழுதியவற்றில் ஒன்று, இதே மோசல் கரை முந்திரிகை விவசாயிகள் படும் பாட்டைப் பற்றியது. மே தினக் கூட்டத்துப் படத்தில் மட்டும் பார்த்த தாடிக்காரர், மலைச்சரிவில் உழைத்தவர்களுக்காகப் பேனா பிடித்தவர் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஊரில் அவருக்குப் பெரிய சிலை இருக்கிறது, 2018இல் சீனா கொடுத்தது. அதற்கு முன்னால் நின்று படம் எடுக்க ஒரு வரிசை.

செலவு, விசா விபரம் தேவை.
– வாசகர், நுவரெலியா

ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. பெரியவர் ஒருவருக்கு அதன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. செலவுக்குப் பொறுப்பு என்று மகள் அங்குள்ள அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பத்திரம் பெரிய உதவி. வைன் செய்கிறவர்கள் தங்கள் வீட்டிலேயே அறை விடுகிறார்கள், காலைச் சாப்பாடும் உண்டு. எங்களுக்கு இரவுக்கு 80 யூரோ அளவில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, இதை மட்டும் மறக்காதீர்கள். நாங்கள் மறந்துபோய் மகள் கட்டித் தந்த புளிச்சாதத்தை இரண்டு வேளைக்குப் பங்கு போட்டோம்.

டீச்சர், வைன் குடித்தீர்களா? உண்மையைச் சொல்ல வேண்டும்!
– வாசகர், பதுளை

குறும்புக்காரப் பிள்ளை. நீ என் வகுப்பில் இருந்தவன் என்று கையெழுத்தே சொல்கிறது.

குடித்தேன், அரைக் கிளாஸ். புளித்து முடியாத புது வைனை அறுவடைக் காலத்தில் மட்டும் விற்பார்கள். கலங்கலாக, இனிப்பும் சுறுக்குமாக, நம்ம கித்துள் கள்ளுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. அது போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்குவதில்லை. நேராகத்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரி சொன்னது எங்களுக்கு விளங்கவில்லை. பின் சீற்றில் படுக்க வைத்துவிட்டோம். வாடகைக் காரை ஒப்படைக்கும்வரை அந்த வாசம் போகவில்லை. வீட்டுக்காரர் ஓட்டுகிறவர் என்பதால் முந்திரிப்பழச் சாறோடு நிறுத்திக்கொண்டார். போலீஸ் பிடித்திருந்தால் காரின் வாசத்துக்கு என்ன சொல்லியிருப்போமோ.

ஆறு நாள் ஒரே காரில். சண்டை வரவில்லையா, அம்மா?
– புதுமணத் தம்பதி, கண்டி

வந்தது. மூன்றாம் நாள், கொக்கெம் கோட்டைக்குக் கீழே, காரை எங்கே நிறுத்துவது என்று. ஒரு மணித்தியாலம் பேசவில்லை. பிறகு ஒரு சின்னப் படகில் காரோடு அக்கரைக்குப் போனோம். பாலம் பக்கத்தில் இல்லாத இடங்களில் இப்படிப் படகு இருக்கிறது. நடு ஆற்றில் அவர்தான் முதலில் வாய் திறந்தார்: "ஹேண்ட் பிரேக் போட்டேனா?"

கடைசியில் எது அழகு, அதுவா நம்ம பக்கமா?
– வாசகி, ரம்பொடை

ஹட்டன் – நுவரெலியா ரோட்டில் எத்தனை நூறு தடவை போயிருப்பேன். முக்கால்வாசி பஸ்ஸில் நின்றபடி, கையில் கொப்பிக் கட்டோடு. டெவோன் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் இறங்கிப் பார்த்ததே இல்லை. ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறு தம்பியின் காரை வாங்கிக்கொண்டு போனோம். சென் கிளேயர் அருவியில் மேல் கொத்மலை மின் திட்டத்துக்குப் பிறகு பழைய தண்ணீர் இல்லை. டெவோனுக்கு எதிரே நிறுத்தினால் ஒரே மூட்டம், அருவி இருக்கும் இடமே தெரியவில்லை. ரொட்டியும் கட்டைச்சம்பலும் பிரித்துக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். முக்கால் மணித்தியாலத்தில் மூட்டம் கொஞ்சம் விலகி, மேல்பாதி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குள் பின்னால் வந்த பஸ் வழி விடச் சொல்லி நீளமாக ஹோர்ன் அடித்தது. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். அவரும் பதிலுக்கு ஒன்று அடித்தார்.