4137 வரிசை எண் அல்ல

கேள்வி: கொழும்பில் கடை வைத்திருந்த என் வாப்பாவின் வாப்பா கொண்டுவந்த பில்லியர்ட்ஸ் கோல் மச்சில் கிடைத்தது. அடிப்பக்கத் தகட்டில் வால்டர் லிண்ட்ரம், 4137 என்று இருக்கிறது. இது 1850-ஆம் வருடத்துக் கோல், இருபதாயிரம் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: 1850-க்கு வாய்ப்பே இல்லை சகோதரி. ஆஸ்திரேலிய வீரரான லிண்ட்ரம் பிறந்ததே 1898-இல். 4137 என்பது 1932 ஜனவரியில் லண்டனில் அவர் இடைவிடாமல் ஆடி எடுத்த புள்ளிகள். எதிரே ஆடியவர் ஜோ டேவிஸ். தன் முறை வராமல் அவ்வளவு நேரமும் நாற்காலியில்தான், பாவம்! ஆகவே கோல் அதற்குப் பிந்தியது. சாதனையைப் பொறித்துக் கடைகளில் விற்ற வகை. அவர் கைபட்ட கோல் என்று நினைத்துவிட வேண்டாம்.

விலையைத் தீர்மானிப்பது நிலைமைதான். நீளம் 57, 58 அங்குலம் இருக்கிறதா, யாராவது நுனியை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சமதரையில் உருட்டுங்கள்; நுனி எழும்பி எழும்பி விழுந்தால் மரம் வளைந்துவிட்டது. நம் கடற்கரை ஈரத்தில் அது சகஜம். அப்புறம், நுனிப்பூண் பித்தளையா என்று பாருங்கள். தந்தம் என்றால் இங்கே விற்பதே சட்டவிரோதம்.

இதே தகடுள்ள கோல்கள் பிரிட்டன் ஏலங்களில் என்ன விலைக்குப் போயின என்று தேடுங்கள். கேட்கும் விலை வேண்டாம், விற்று முடிந்த விலை. வந்தவரோ, 1850 என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் இருபதாயிரத்தோடு நிற்பாரா? அதுவரை தகட்டைப் புளி போட்டுத் துலக்காதீர்கள், வார்னிஷும் அடிக்காதீர்கள்.